யார் கை காட்டினாலும் நிற்க வேண்டும்

அமலு மகனே, உன் நைனா எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான் என்று நீ யோசிப்பாய். போனில் நமக்குள் ஓடுவதெல்லாம் பந்தல்காரன் வந்தானா, பிரியாணிக்கு எத்தனை பேர், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கியாச்சா என்கிற பேச்சுதான். அதைத் தாண்டி ஒரு விஷயத்துக்கு வாயைத் திறந்தால் பேச்சு மறுபடி பந்தல்காரனிடமே போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். உன் அம்மா பிளவுஸ் வாங்கிவர தையல்காரரிடம் போயிருக்கிறாள். கல்மண்டபத்து வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். கீழே ஐஸ் வண்டிகள் ஹாரன் அடிப்பதைத் தவிர தொந்தரவு எதுவும் இல்லை. கவரை ஒட்டப்போவதில்லை. அம்மா படிக்கட்டும், மருமகளாக வரப்போகிற தேன்மொழி படிக்கட்டும், அவள் வீட்டாரும் படிக்கட்டும். இதில் இருப்பது எனக்கு வெட்கக்கேடுதான், ஆனால் தெரியவேண்டியவர்களுக்கெல்லாம் அது ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

வரும் திங்கட்கிழமை உனக்குக் கல்யாணம். கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் மண்டியிடுவதும், அப்பாவும் அம்மாவும் கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவதும் நம் ஆட்களின் வழக்கம். அதற்காக உன் அம்மா போன வாரமே ஒரு புதுத் தலையணை வாங்கி, வெள்ளை உறை போட்டு பீரோவில் வைத்துவிட்டாள். "பேண்ட் அழுக்காவக்கூடாது, முட்டியும் நோவக்கூடாது" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அவள் மனசில் ஓடுவது எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக உன் நெற்றி என் கைக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை வருமா, வராதா? இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி அதுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் துறைமுகத்தில் சிக்னல்மேன் என்று சொன்னால் மற்றவர்களுக்குப் புரியாது, உனக்குப் புரியும். கப்பலின் வயிறு திறந்திருக்கும். அதன் விளிம்பில் நான் நிற்பேன். மேலே கூண்டில் இருக்கிற கிரேன்காரருக்குக் கீழே நடப்பது தெரியாது, கீழே சரக்கு கட்டுகிறவனுக்கு மேலே நடப்பது தெரியாது. நடுவில் என் கைதான் பேசும். விரலை மேலே சுற்றினால் தூக்கு, கீழே சுற்றினால் இறக்கு, இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்தால் நில். முப்பத்தொரு வருஷம் அந்த வேலை பார்த்தேன். என் கையை நம்பிக் கீழே நின்ற ஒருவனுக்கும் நகம்கூடப் பெயரவில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

உனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும்போது தண்ணீர் லாரி வந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? நமக்கோ மாடி வீடு. அம்மா கீழே வரிசையில் முண்டியடித்துக் குடத்தைப் பிடித்துக் கயிற்றில் கட்டுவாள். நீ மேலே உள்ளே நின்று கப்பி வழியாக இழுப்பாய். உனக்குக் குடம் தெரியாது, அம்மாவுக்கு நீ தெரியாது. நான் பால்கனிக் கம்பியோரம் நின்று கை காட்டுவேன். உலகத்திலேயே சின்ன கிரேன்காரன் நீதான் என்று தெருவே சிரிக்கும். ஒருநாள் உனக்கு ஒரு சட்டம் சொல்லிக்கொடுத்தேன். தூக்கு, இறக்கு என்பதை சிக்னல்மேன் மட்டும்தான் சொல்லலாம், வேறு எவன் கை காட்டினாலும் கிரேன்காரர் திரும்பிப் பார்க்கக்கூடாது. ஆனால் நில் என்பதை யார் வேண்டுமானாலும் காட்டலாம். கேப்டன் காட்டினாலும், பெருக்குகிற ஆள் காட்டினாலும், அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது.

நீ விடுகிற ஆளா? "பூனை காட்டுனா?" என்றாய்.

"பூனைக்கு ஏதுடா கையி?"

"அம்மா காட்டுனா?"

"அம்மா காட்டுனாலும் நிக்கணும்."

"நா காட்டுனா நீ நிப்பியா நைனா?"

"நிப்பேன்டா" என்றேன். அதைச் சொல்லும்போது, மேலே ஏறிவிட்ட குடம் சாய்ந்து பாதித் தண்ணீர் என் தலையில் கொட்டியது. நீ கயிற்றைப் பிடித்தபடியே சிரித்தாய்.

கப்பலில் நல்லவனாக இருந்த கை வீட்டில் அப்படி இருக்கவில்லை. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ பார்த்து வளர்ந்தவன். காலையில் ஒரு விரலைத் தூக்கினால் காபி வரவேண்டும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் டிவி சத்தம் குறையவேண்டும். கட்டைவிரலைக் கதவுப் பக்கம் காட்டினால் செருப்பு எடுத்து வைக்கவேண்டும். உன் அம்மா பத்து வருஷத்தில் எல்லாச் சைகையையும் கற்றுக்கொண்டாள். வந்த சொந்தக்காரர்கள் "கை அசைச்சா போதும், குடும்பம் ஓடுது" என்று மெச்சினார்கள். நான் அதையும் நம்பினேன். கோயில் திருவிழாவில் மாதா தேர் வரும்போது முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே கை காட்டுவது நான்தான். கயிறு பிடித்தவர்கள் எல்லோரும் என் கையைப் பார்த்துத்தான் இழுப்பார்கள். பக்த சபையில் பெயர், முதல் வரிசையில் இடம், தினமும் சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை. இதெல்லாம் சேர்ந்தால் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெபத்தில்கூட நான் கும்பிட்டதைவிடக் கை காட்டியதுதான் அதிகம். ஆண்டவரே இதைத் தூக்கும், அதை அந்தப் பக்கம் இறக்கும், அவனைச் சீக்கிரம் நகர்த்தும். மேலே இருக்கிறவரையும் கிரேன்காரராக்கி வைத்திருந்தேன்.

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். உனக்குப் பதினேழு வயசு. நான் ஷிப்ட் முடித்து வந்தேன். நம் ஜெப பீடம் எதிர்ச் சுவருக்கு மாறியிருந்தது. மாதா சுரூபம், திருக்குடும்பப் படம், மெழுகுவத்தி ஸ்டாண்டு எல்லாம் அந்தப் பக்கம் இருந்தன. விரலால் பழைய சுவரைக் காட்டினேன். திரும்ப எடுத்து வை என்று அர்த்தம்.

உன் அம்மா முதல்முறையாக என் கைக்கு எதிராக வாயைத் திறந்தாள். "அந்தச் செவுரு ஒரே ஓதம் கீது. படம் பின்னாடி பூஞ்ச புடிச்சிகினு கீது பாரு. நீ எப்ப வருவே, எப்ப கேக்கறது? அதான் மாத்திட்டேன்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. என்னைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குள் ஏறிக்கொண்டது. மறுபடி கை காட்டினேன். அவள் நகரவில்லை. கையை ஓங்கினேன். அதற்கு முன்னால் ஓங்காதவன் என்று பொய் சொல்லமாட்டேன், ஓங்கியிருக்கிறேன், அடித்தும் இருக்கிறேன், நீ தூங்குகிறாய் என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கு நீ படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாய். என்னைத் தள்ளவில்லை, திட்டவில்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்தாய், உள்ளங்கை தரையைப் பார்க்க, நான் சொல்லிக்கொடுத்தபடியே. எவ்வளவு சரியாகச் செய்தாய் என்பது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. முப்பத்தொரு வருஷ வேலையில் ஒரு தடவைகூட அந்தச் சைகையைத் தாண்டி நான் சரக்கை நகரவிட்டதில்லை. உன்னுடையதைத் தாண்டினேன். என் கை உன் காது மேல் இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதைவிடக் கேவலம். பீடத்தை நானே பழைய சுவருக்கு மாற்றி வைத்தேன். மெழுகுவத்தி ஏற்றி ஜெபமாலை ஆரம்பித்தேன். நீங்கள் இருவரும் பதில் சொன்னீர்கள். முடிந்ததும் வழக்கம்போல ஸ்தோத்திரம் சொல்லி நெற்றியில் சிலுவை வாங்க நீ வருவாய் என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அம்மாவிடம் மட்டும் குனிந்தாய். எழுந்து, முகம் கழுவப் போனாய். அவ்வளவுதான். அன்றைக்கு நின்றது இன்றைக்கு வரைக்கும் நின்றுதான் இருக்கிறது.

மறுநாள் வேலையில் ஒன்று நடந்தது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. மேலே கூண்டில் கபூர் பாய் இருந்தார். நீ சின்ன வயசில் அவர் வீட்டு ரம்ஜான் பிரியாணி சாப்பிட்டிருக்கிறாய், அதே கபூர் பாய்தான். இரும்புத் தகடு இறக்கிக்கொண்டிருந்தோம். கரையில் லாரி மேல் ஆறு பேர் நிற்கிறார்கள். சரக்கு என்னைத் தாண்டிக் கரைப்பக்கம் போகிறது, நான் இறக்கு என்று விரலைச் சுற்றுகிறேன். கேன்டீனிலிருந்து டீ கொண்டுவருகிற அக்கா ஒருத்தி கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். கபூர் பாய் பட்டென்று நிறுத்திவிட்டார். எனக்கு வந்ததே கோபம். டீ ஊற்றுகிறவளுக்கு இங்கே என்ன வேலை என்று கத்தினேன். போய்ப் பார்த்தால், தகட்டைக் கட்டியிருந்த கம்பிக்கயிறு கரைப்பக்கத்தில் பாதிக்கு மேல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் நின்ற பக்கத்திலிருந்து அது தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் கபூர் பாயிடம் கேட்டேன், "அந்தக்கா கை காட்டினா உடனே நிறுத்திட்டியே பாய், யாருன்னு கூடப் பாக்கல?"

"நிக்கறதுக்கு எதுக்குபா ஆள் பாக்கணும்?" என்றார். "பாத்துகினு இருந்தா அந்த ஆறு பேரு கதி இன்னா? நீ ஏன் துன்னாம உக்காந்துகீறே?"

என் பையன் நேற்று காட்டினான் பாய், நான் நிற்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே மூடினேன். அன்றே நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. வெட்கப்பட்டேன், அந்த வெட்கம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. உன்மேல் கைவைக்கவில்லை, அம்மாமேல் கை ஓங்கவில்லை, ஏனென்றால் நீ என் தோள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தாய். ஆனால் விரல் மட்டும் பழையபடி தூக்கிக்கொண்டும் இறக்கிக்கொண்டும்தான் இருந்தது. நீ படிப்பு முடித்தாய், மணலியில் வேலை கிடைத்தது, மணலி புதுநகரில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்துக்கு எதற்கு ரூம் என்று ஊர் கேட்டது. நான் கேட்கவில்லை, எனக்குக் காரணம் தெரியும்.

இதோ, உன் அம்மா வந்துவிட்டாள். பிளவுஸ் கை இறக்கம் சரியில்லையாம், தையல்காரரைத் திட்டித் தீர்க்கிறாள். "இன்னா எழுதிகினு கீறே, கண்ணாடி கூட போடாம?" என்று கேட்டாள். அமலுக்கு என்றேன். கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "பீடத்து விசயமா?" என்றாள். ஆமாம் என்றேன். "எழுது, எழுது. அந்தச் செவுத்துல இன்னிக்கும் ஓதம் கீதுன்னு அதையும் எழுது" என்று சொல்லிவிட்டு டீ போடப் போயிருக்கிறாள். எழுதிவிட்டேன்.

நீ போய் இரண்டு வருஷம் கழித்து, ஒரு பெரிய வெள்ளி. கோயிலில் சிலுவை முத்தி செய்ய வரிசையில் நிற்கிறேன். வாழ்நாள் முழுக்க நின்ற வரிசைதான். செருப்பைக் கழற்றி, மண்டியிட்டு, சிலுவையில் இருக்கிற ஆண்டவர் பாதத்தில் முத்தம் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டே இருப்பது வழக்கம். அந்த வருஷம் எனக்கு முட்டி வலி, மெதுவாக நடந்தேன், அதனால் நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்தது. பத்தடி தூரத்தில் சிலுவையில் அவர் இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்துக்கொண்டிருந்தார். நான் சிக்னல்மேன், எனக்கு அது வேறு மாதிரி தெரிய வழியே இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் பார்த்த சுரூபம், அன்றைக்குத்தான் அதைப் படித்தேன். அந்த நிமிஷம் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை அமலு. பச்சை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் நின்ற உன்னைத்தான் பார்த்தேன். என் கால் நின்றுவிட்டது. வரிசை முழுக்க நின்றது.

பின்னால் நின்றவர் முதுகைத் தட்டினார். "இன்னாபா, நட்டு வெச்சா மாறி நின்னுட்டே. முன்னாடி போ."

"நிக்கச் சொல்றாரு" என்றேன். அவர் என்னைக் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும், சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அதுவரை வருஷம் தவறாமல் செய்ததுதான். ஞாயிறு பூசை தவறியது, பொய் சொன்னது, கெட்ட வார்த்தை பேசியது என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன். கை ஓங்கியதைப் பாவக்கணக்கில் சேர்த்ததே இல்லை, குடும்பம் நடத்துவது என்று தனியாக வைத்திருந்தேன். அன்றைக்கு அதை மட்டும் சொன்னேன். சைகை, சட்டம், குடம், பீடம், உன் காது எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர் சின்ன வயசு, உன்னைவிட இரண்டு மூன்று வயசுதான் கூட இருக்கும். அபராதமாக முழு ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், "உங்க வீட்டம்மாவுக்கு அந்தச் சைகையைச் சொல்லிக்கொடுங்க. அவங்க காட்டினா நில்லுங்க. அதுதான் அபராதம்" என்றார்.

"எத்தனை நாளைக்கு ஃபாதர்?"

"நீங்க எத்தனை வருஷம் கை காட்டினீங்க?" என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். இப்படிச் செய்தால் நான் நிற்கவேண்டும், இனிமேல் நீ செய்யலாம் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்குத் தெரியாதா இது? குடம் கட்டுன காலத்துலயே பாத்தவ. தெரிஞ்சி இன்னா பிரயோஜனம், காட்டுனா நிக்கற ஆளா நீ?" என்றாள். அதோடு அழுதாள். நானும் அழுதேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா? கை தானாகவே எழும்பும். பேச ஆரம்பித்தால் முதலில் விரல் போகும், வார்த்தை பின்னால் வரும். என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார ஆரம்பித்தேன். உன் அம்மா, "இன்னா, முட்ட எதுனா அட காக்கறியா?" என்று கேட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும். காபி வேண்டுமென்றால் வாயால் கேட்கப் பழகினேன். பிறகு நானே போட்டுக்கொள்ளப் பழகினேன், அது இன்னும் நன்றாக வரவில்லை. தேரில் கை காட்டுகிற வேலையைச் சபையில் வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கயிறு பிடிக்கிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். முதல் வருஷம் உள்ளங்கை எரிந்துவிட்டது. ஜெபத்திலும் அப்படித்தான். இதைத் தூக்கும், அதை இறக்கும் என்பதை விட்டுவிட்டு, நான் எங்கே நிற்கவேண்டும் ஆண்டவரே என்று மட்டும் கேட்கிறேன். பல நாள் பதில் வருவதில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க முடிகிறது, முன்பெல்லாம் அதுகூட முடியாது.

தவறியதும் உண்டு. போன வருஷம் ஒருநாள் ரேஷன் கார்டைக் காணோம் என்று வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தேன். குரல் ஏறிக்கொண்டே போனது. உன் அம்மா சாம்பார்க் கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்து, அப்படியே இரண்டு கையையும் விரித்தாள். கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டுகிறது. பேசிக்கொண்டிருந்த வார்த்தையின் நடுவில் நின்றேன். வாய் திறந்தபடியே இருந்தது என்று அவள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. தரையை நான்தான் துடைத்தேன்.

இப்போது தேன்மொழி வீட்டு விஷயம். கல்யாணப் பேச்சுக்கு வியாசர்பாடிக்குப் போன அன்று நடந்தது உன் கண்ணெதிரில்தான். அவர்கள் பௌத்தர்கள், கூடத்தில் புத்தர் படம், அதற்கு முன்னால் சின்ன விளக்கு. நம் கோயிலில் கல்யாணத்துக்கு அனுமதி வாங்குவதற்கு அவர்கள் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். முந்தின நாள் காலையில் இரண்டு குடும்பமும் அவர்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் நிற்கவேண்டும், மணமக்களுக்கு அவர்கள் வழக்கப்படி நாலு வார்த்தை சொல்லி வாழ்த்தவேண்டும். சம்பந்தியம்மா அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் கை எழுந்துவிட்டது. உள்ளங்கையைக் காட்டி, "அதெல்லாம் வேணாம்" என்றேன். அந்த அம்மா நாற்காலியில் அப்படியே ஒடுங்கினார். எனக்குத் தெரிந்த ஒடுங்கல் அது, என் வீட்டில் இருபத்தைந்து வருஷம் பார்த்தது. அப்படியும் கை இறங்கவில்லை.

தேன்மொழி டீ டிரேயைக் கீழே வைத்தாள். "மாமா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டினாள்.

நீ அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாய் என்று அந்த நொடியில் புரிந்தது. அவள் வீட்டில், அவள் பெற்றோர் முன்னால், மாமனாராகப் போகிறவனுக்கு ஒரு பெண் நில் என்று காட்டுகிறாள். பழைய ஆளாக இருந்திருந்தால் சம்பந்தமே வேண்டாம் என்று செருப்பை மாட்டியிருப்பேன். கையை இறக்கினேன். இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. சம்பந்தியம்மாவைப் பார்த்து, "எத்தினி மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.

திரும்பும்போது அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு என்னை உன் பைக்கில் ஏற்றிக்கொண்டாய். பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "நைனா, ஒரு டீ துன்னலாமா?" என்றாய். டீயைத் துன்றதா என்று நான் கேட்க, இருவரும் சிரித்தோம். நீ கிளாஸை என் கையில் கொடுத்தபோது உன் விரல் என் விரல்மேல் ஒரு நொடி இருந்தது. அதை நான் எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இந்தச் சின்ன விஷயத்தையெல்லாம் நீ கவனித்திருக்கமாட்டாய்.

உனக்கு நான் நன்றி சொல்லவேண்டும். அப்பன் பிள்ளைக்கு நன்றி சொல்வது நம் வீடுகளில் கிடையாது, சொன்னால் என்ன குறைந்துவிடும்? பதினேழு வயசில் பயந்துகொண்டே வந்து நின்றாயே, அதற்கு நன்றி. அடி வாங்கின பிறகும் என்னைத் திருப்பி அடிக்காமல் இருந்தாயே, அதற்கும். என்மேல் கோபம் இருந்தும் மாசம் தவறாமல் அம்மாவைப் பார்க்க வந்து, என்னிடமும் சாப்பிட்டியா நைனா என்று கேட்டாயே, அதற்கும். வெட்கத்தை மூடி வைக்காமல் தேன்மொழியிடம் சொன்னாயே, அதற்கும். அவள் காட்டினாள், நான் நின்றேன். உன் அம்மாவுக்கு இந்த ஜென்மத்தில் என்னால் நன்றி சொல்லி முடியாது. டீ கொண்டுவந்த அந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் ஜெபத்தில் அவளுக்கும் கபூர் பாய்க்கும் சேர்த்து ஒரு அருள்நிறை மந்திரம் சொல்கிறேன்.

புத்திமதி சொல்லாமல் முடித்தால் அப்பன் கடிதம் ஆகாதல்லவா, ஒன்று சொல்கிறேன். உன் கைமேலும் ஒரு கண் வைத்துக்கொள். நீ என் பிள்ளை, கோபம் வந்தால் உன் ஆள்காட்டி விரல் முதலில் எழுவதைப் பந்தல்காரனிடம் பேசும்போது பார்த்தேன். மணலி புதுநகர் வீட்டில் தேன்மொழி காட்டினால் நில். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, மூன்று வயசில் அது காட்டினாலும் நில். காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பூசைக்குப் போவது, ஜெபம் சொல்வது எல்லாம் செய், நானும் செய்கிறேன். ஆனால் ஜெபமாலை முடிந்து எழுந்த பிறகு வீட்டில் இருக்கிறவர்கள் உன்னைப் பார்த்து ஒடுங்குகிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள். நான் அதைப் பார்க்காமலேயே பல வருஷம் ஜெபம் சொன்னேன்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். அம்மா அந்த வெள்ளைத் தலையணையைப் பீடத்துக்கு முன்னால் போடுவாள். பீடம் இப்போது அம்மா சொன்ன ஓதமில்லாத சுவரில் இருக்கிறது. நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன், சபைக்காரர்கள் என்ன பேசினாலும் சரி. அதில் முதலில் மண்டியிடப் போவது நான். முட்டி வலிக்கும், எழுந்திருக்க நீதான் பிடித்துத் தூக்கவேண்டியிருக்கும். என் கை இரண்டும் பின்னால் இருக்கும். அன்றைக்கு எனக்கு எதிரில் விரித்து நின்றாயே, அந்தக் கையால் என் நெற்றியில் ஒரு சிலுவை போடு. பன்னிரண்டு வருஷம் தாமதமாகக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு உனக்குக் குனியத் தோன்றினால் குனி. தோன்றாவிட்டால் அம்மாவிடம் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பு, கீழே கார் நிற்கும், பெண் வீட்டாரைக் காக்க வைக்கக்கூடாது. எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. ஒருவேளை நீ குனிந்து, என் கை உன் நெற்றிக்குப் பக்கத்தில் வரும்போது பழசெல்லாம் திரும்பி வந்துவிட்டால், கூச்சப்படாதே. இரண்டு கையையும் விரித்துக் காட்டு.

நிப்பேன்டா, அமலு.

நைனா